ஈச்வரனை அநுமானத்தால் அறியலாகுமா?

உற்சவ காலத்தில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்களுள் பாடித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர். இயந்திர உறுப்பு ஒன்றைக் கண்ட மாத்திரத்தில், இதைச் செய்தவன் உண்டு என்று அவர்கள் துணிவர். அவ்வாறே கண், சிறகு முதலியவற்றின் நேர்த்தியைக் கண்டு, உலகிற்கும் ஒரு கர்த்தா உண்டு என்று துணிவது உலக இயல்பு. 1802-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாதிரியாராகிய வில்லியம் பேலி, கடிகாரத்தை உவமை காட்டி இதனையே வாதித்தார். 1859-இல் வெளிவந்த டார்வினின் நூலோ, உயிர்களிடம் தோன்றும் சிறு வேறுபாடுகளுள் வாழ உதவுவன தலைமுறைதோறும் நிலைத்துப் பெருகுவதாலேயே அந்நேர்த்தி உண்டாயிற்று என்று விளக்கிற்று.

இவ்விவாதம் நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. 2023-இல் தேசியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். மறுபுறம், பரிணாமத்தைக் கற்றால் பிள்ளைகளின் பக்தி குன்றுமோ என்று அஞ்சும் பெற்றோரும் உளர். அவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த எம்பெருமானாரின் திருவுள்ளத்தை அறிதல் நலம்.

பேலிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நையாயிகர் இவ்வாதத்தை எழுப்பினர். குடம் காரியம், அதற்குக் குயவன் கர்த்தா. உலகமும் காரியம், ஆதலின் அதற்கும் கர்த்தா உண்டு, அவனே ஈச்வரன் என்பது அவர்கள் கூற்று. உதயனாசாரியர் ‘நியாயகுசுமாஞ்ஜலி’யில் இதனை விரித்துரைத்தார். ஈச்வரனை நிலைநாட்டும் வாதமாயிற்றே என்று எம்பெருமானார் இதற்கு இசைந்தாரல்லர். ப்ரஹ்மஸூத்ரத்தின் மூன்றாம் ஸூத்ரத்திற்கு அருளிய ஸ்ரீபாஷ்யத்தில் இதனை மறுத்தார்.

உலகனைத்தும் ஒரே காலத்தில் ஒருவனால் ஆக்கப்பட்டது என்பதற்கு அநுமானத்தில் சான்றில்லை. பெரிய காரியங்களைப் பலர், பல காலங்களில் செய்யவே காண்கிறோம். தொழிற்சாலையில் உருவாகும் ஒரு பொருளில் எத்தனை பேருடைய கை படுகிறது! மேலும், நாம் காணும் கர்த்தா உடலும் கருவியும் உடையவன், அறிவிலும் ஆற்றலிலும் குறையுள்ளவன், கர்மத்திற்குக் கட்டுப்பட்டவன். குயவனைக் கொண்டு ஊகித்தால் குயவனை ஒத்த ஈச்வரனே கிடைப்பான். ஸர்வஜ்ஞனான ஸ்ரீமந்நாராயணன் கிடையான். அறிவியல் ஒரு புதிரை அவிழ்க்குந்தோறும் அவ்வூக ஈச்வரனின் இடமும் சுருங்கும்.

ஆதலின் ஈச்வரன் சாஸ்திரம் ஒன்றாலேயே அறியத்தக்கவன் என்று எம்பெருமானார் ஸாதித்தருளினார். கண்ணும் ஊகமும் எட்டும் பொருளை உணர்த்துவது சாஸ்திரத்தின் பணியன்று. உடல்கள் எவ்வாறு மாறிவந்தன என்பதைப் பாறையில் படிந்த எலும்புகளும் உயிரணுக்களும் உரைக்கட்டும். அவ்வுடல்களுக்கும் ஆன்மாக்களுக்கும் உள்ளே உறையும் அந்தர்யாமி யாவன் என்பதைச் சாஸ்திரமே உரைக்கும். ஒன்று மற்றொன்றின் எல்லையில் புகவில்லை.

மத்ஸ்யம் தொடங்கும் தசாவதாரத்தைப் பரிணாமத்திற்குச் சான்றாகக் காட்டுவதும் இக்காரணத்தால் பொருந்தாது. அவதாரங்கள் எம்பெருமானின் இச்சையால் ஆவன. மத்ஸ்யத்திலும் அவன் பூர்ணனே. கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்கு வளர்தல் அவனுக்கு இல்லை. அறிவியலின் துணை கொண்டு அவன் பெருமையை உயர்த்த வேண்டுவதுமில்லை.

பரிணாமப் பாடத்தைப் பகலில் படித்த பிள்ளை, மாலையில் ஸந்நிதியில் கைகூப்பி நிற்பதில் முரண் ஏதுமில்லை. அவன் வினாக்களை அடக்காதிருப்பதே பெற்றோர் செய்யத்தக்கது.