இரக்கமா? உரிமையா?

அஸ்தம்பட்டியின் ஒரு தெருவிலே பத்து வயதுச் சிறுவன். பேச்சு வரத் தாமதம். எழுத்தும் எண்ணும் எளிதிலே ஏறவில்லை. "பைத்தியம்" என்கிறான் பக்கத்து வீட்டான். "பூர்வஜென்மக் கருமம்" என்கிறார் புராணம் படித்த பெரியவர். "ஐயோ, பாவம்!" என்கிறார் இளகிய நெஞ்சுடைய அம்மையார். ஒரு சொல் விரட்டுகிறது. ஒரு சொல் பழி சுமத்துகிறது. ஒரு சொல் கண்ணீர் விட்டுக் கதவை மூடுகிறது. மூன்றில் ஒன்றேனும் அவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதுண்டா?

தெருவிலே மட்டுமா இத்தீச்சொல்? ஏட்டிலும் இருந்தது! 1912-ஆம் ஆண்டுச் சட்டம், அறிவு வளர்ச்சி குன்றியோரையும் பைத்தியக்காரர் பட்டியலிலேயே சேர்த்தது. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு எனப் பிரித்துரைக்க 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையே 75 ஆண்டுகள்!

2010-இலே தமிழக அரசு, 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்றது. நல்ல சொல். ஆனால் தோழர்களே, பலகையிலே பெயர் மாறினால் போதுமா? பழைய இழிவு புதிய சொல்லுக்குள்ளும் குடியேறிவிடாதா?

சொல்லின் மெய்ப்பொருள் செயலிலே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமற்ற கல்வியை உரிமையாக்கியது. வளர்ந்தபின் அமரும் பாதுகாவலரும் அவனைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்றது. அவன் பொருளல்லன், ஆள்!

"பாவம்" என்னாதீர்! "பள்ளிக்கு வா, தம்பி" என்று அழையுங்கள்!