வடுவும் வினையும்

திருவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் இறைவன் வைத்தியநாதன் என்னுந் திருநாமம் பூண்டு எழுந்தருளியுள்ளான். அச்சந்நிதியில் நோய் நீங்க வேண்டி நிற்பாரைப் பழிப்பார் எவருமிலர். ஆயின், அண்மையிலுள்ள இராசபாளையத்துப் பெண்ணொருத்தி, முகப்பரு விட்டுச்சென்ற வடுக்களைக் குறைத்தற்பொருட்டுத் தோல் மருத்துவரை நாடுவாளாயின், 'வினைப்பயனை நுகர்தலன்றி மாற்ற முயல்வது சைவர்க்கு அடுக்குமோ?' என வினவுவார் உளர். அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அச்சிகிச்சையின் இயல்பு அறியற்பாற்று. கரியமிலவாயு லேசர் 10,600 நானோமீட்டர் அலைநீளமுடைய ஒளியாகும். தோலிலுள்ள நீர் அவ்வொளியை ஏற்று ஆவியாதலின் மேற்றோல் அகலும். அடித்தோல் வெப்பமுற்றுப் புதிய கொலாஜன் நாரினைத் தோற்றுவிக்கும். 2004-ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்ட முறையோ, நுண்புள்ளிகளாகத் தாக்கி இடையே நலமுள்ள தோலை விட்டுவைப்பதாகலின், புண் விரைவில் ஆறும். கிளைக்காலிக் முதலிய அமிலங்களால் தோலுரித்தல் மற்றொரு வகை. இவற்றால் வடு முற்றும் மறையுமென்பது மெய்யன்று. பள்ளம் ஒருவாறு குறையும். பெரும்பாலும் பலமுறை செய்தல் வேண்டும். பயன் முழுதுந் தோன்ற மாதங்கள் செல்லும். நம்மனோரது கருநிறத் தோலில் ஆறிய இடம் மேலுங் கறுக்கும் ஏதம் மிகுதியாகலின், வெயில் படாது காத்தல் இன்றியமையாதது.

இனித் தடைக்கு விடை கூறுவாம். பிராரத்தம் இவ்வளவினதென்று முன்னறிவார் யாருமிலர். மருந்தால் தீர்வதும் தீராததும் இரண்டும் அதன்பாற்பட்டனவே. உடம்பும் மருந்தும் மாயையின் காரியங்களாய், உயிரின் பொருட்டு இறைவன் கூட்டியவை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்துருத்தியில் தம் மேனிப் பிணி நீங்க வேண்டியபோது, வடகுளத்தில் மூழ்குமாறு பணித்து அதனை நீக்கினான் இறைவன். வினையென்று கூறி விடுத்தானல்லன். வடு நோயன்றே எனின், நோயின் எச்சமாம். கண்டார் வினவுந்தோறும் உள்ளம் நோதல் அந்நோயின் தொடர்ச்சியேயாம்.

அற்றேல், காரைக்காலம்மையார் தம் அழகை உதறியது என்னையெனின், அது கணவன் பொருட்டுச் சுமந்த அழகு. அவன் அவரைத் தெய்வமென வணங்கி விலகியபின் அதனால் ஆவதொன்றில்லை. சுவாமிகள் கருவியின் பழுது நீங்கப்பெற்றார். அம்மையார் வேண்டாத கருவியைக் கழித்தார். உடம்பே யான் என்னும் மயக்கம் இருவர்பாலும் இல்லை. ஆகவே பழுது நீக்குதல் குற்றமன்று. இயல்பான கருநிறத்தை நாணி வெண்மை விழைதலே ஆணவமலத்தின் வழிப்பட்டதாம்.

மருத்துவர் கடன், பெறலாவதனை மிகைபடாது உரைத்தல். செல்வாள் கடன், முகந் திருந்தாதொழியினும் தன் மதிப்புக் குன்றாதென்று முன்னரே தெளிதல். எஞ்சியது நம் கடன். வடுவை நோக்கி மணம் மறுப்பாரும், வினையென்று கூறி மருந்தை மறுப்பாரும் தோலளவிலேயே நின்றாராவர். அவர்தங் கண்ணை மறைத்த மலத்தை எவ்வொளிக்கருவியும் அகற்றாது. அஃது அருளொளியாலன்றித் தீராதென்க.

திருச்சிற்றம்பலம்.