மூச்சுக்கு ஒரு வழி

மலைச் சைக்கிள் ஒன்றை நீளவாக்கில் அளந்தால் ஆறடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். ஹேண்டில்பாரின் அகலம் எண்பது சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் என்பது ஓர் ஆள் படுக்கும் இடம். ஆக, வேனுக்குள் ஒரு சைக்கிளை ஏற்றினால் இன்னோர் ஆளைப் படுக்க வைத்த கணக்குதான். இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றால் நான்கு பேருக்குப் பாய் விரிக்க வேண்டும். பிரிட்டனில் சைக்கிளோடு உள்ளேயே படுத்துறங்கப் பலரும் தேடிப் பிடிக்கும் முந்தைய தலைமுறை ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டரின் குட்டை வகையில், சரக்கு வைக்கும் தளம் 2.57 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். பின்சக்கரங்களை மூடும் புடைப்புகளுக்கு நடுவே அந்த அகலமும் 1.24 மீட்டராகச் சுருங்கிவிடும்.

இந்த நெருக்கடிக்குள் ஏன் போய்ப் படுக்க வேண்டும்? ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், ட்வீட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பீபிள்ஸ் ஊருக்குப் பக்கத்தில் கிளென்டிரெஸ் காடு இருக்கிறது. மலைச் சைக்கிள்களுக்கென்றே அங்கே பாதைகள் வெட்டி, கடுமைக்கேற்பப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்து வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் அங்கே எட்டரை மணியை ஒட்டித்தான் விடியும். நாலு மணிக்குள் இருட்டிவிடும். மான்செஸ்டரிலிருந்து காலையில் கிளம்பி வருபவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். முந்தின இரவே வந்து பக்கத்தில் எங்காவது படுத்து எழுந்தவருக்கு அந்த ஏழு மணி நேரமும் முழுதாகக் கையில் இருக்கும். குளிர்காலத்தில் அந்த ஏழு மணி நேரத்துக்காக மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது வெயில் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் பிடிபடாது.

எங்கே நிறுத்துவது என்பதும் கேள்விதான். 2003-இல் இயற்றப்பட்ட ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு போய்வரும் உரிமையைத் தந்தது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. சைக்கிளுக்கு மலை முழுக்கத் திறந்திருக்கிறது. அதைச் சுமந்து வந்த வேன் அனுமதியுள்ள இடம் பார்த்து ஓரமாக நிற்க வேண்டும். இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

வேனுக்குள் படுப்பது புதிய பழக்கம் ஒன்றுமில்லை. டச்சு வணிகர் பென் பான் 1947-இல் தன் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி வடிவம், 1950-இல் ஃபோக்ஸ்வாகன் வேனாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், அதற்குள் வைத்துக்கொள்ளும் ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமானை உருவாக்கியது. வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது இறக்கிவிட்டுச் சரக்கு ஏற்றலாம். இன்று சைக்கிள்காரர்கள் தச்சுப் பட்டறையில் பிளைவுட் அறுத்துக்கொண்டு தேடுவதும் ஏறத்தாழ அதே குணத்தைத்தான்.

சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் ஐந்தடியை ஒட்டி வந்துவிடும். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு நுனிகளையும் தரையில் திருகிய பலகையின் மேல் சக்கரத்தின் அச்சைக் கொண்டே பூட்டலாம். ஒன்றின் தலைப்பக்கம் மற்றதன் வால் வருமாறு நிறுத்தினால் ஹேண்டில்பார்கள் இடிக்காது. நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள ஃபோர்டு டிரான்ஸிட் வைத்திருப்பவர்கள் கட்டிலை மார்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் சைக்கிள்களை விடுகிறார்கள். டிரான்ஸ்போர்ட்டரின் உள்ளுயரம் 1.4 மீட்டர் மட்டுமே. அதில் ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் சைக்கிள் என்று பங்கு பிரிப்பதைத் தவிர வழியில்லை. பின்கதவுக்கு வெளியே தாங்கி வைத்து மாட்டிவிடலாமே என்பார்கள். பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு, வழியெல்லாம் செயின் மேலும் பேரிங்குகள் மேலும் தெறிக்கும். இரவில் உறங்கும்போது திருட்டுப் பயம் வேறு. விலையுயர்ந்த சைக்கிளை வெளியே விட்டுவிட்டு உள்ளே நிம்மதியாக உறங்கியவரை நான் பார்த்ததில்லை. உள்ளேதான் வைக்க வேண்டும் என்ற கட்சி நான். ஆனால் உள்ளே வரும் சைக்கிள் தனியாக வராது. காட்டுச் சேற்றையும், டயரின் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரையும், ஓட்டியவரின் நனைந்த சட்டையையும் காலுறையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். இதை மறந்துவிட்டு வெப்பத்தைப் பற்றி மட்டும் யோசிப்பவர்களே அதிகம்.

உறங்கும் மனித உடல் எழுபது, எண்பது வாட் அளவுக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று விடிய விடிய எரிவது போல. இருவர் படுத்தால் இரண்டு பல்பு. அந்த வெப்பம் தங்குவதற்கு வேனின் உடம்பு ஒத்துழைக்காது. எஃகுத் தகடு, கம்பளியைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். எனவே தகட்டுக்கும் ஆளுக்கும் நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கும் ஏதாவது வேண்டும். சிலர் கறுப்பு ரப்பர் நுரையைத் தகட்டோடு ஒட்டுகிறார்கள். சிலர் செம்மறிக் கம்பளியை அடைக்கிறார்கள். நுரைக்காரர்கள் ஈரத்தைத் தகட்டிடம் அண்ட விடக்கூடாது என்பார்கள். கம்பளி தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கியும் நனைந்தது போல் தோன்றாது. காற்று உலர்ந்ததும் அதைத் திருப்பித் தந்துவிடும். வாங்கியதைத் திருப்பித் தரும் பொருள் என்பதாலேயே எனக்குக் கம்பளி பிடிக்கும். முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் உள்ளிருந்து தடித்த திரை போட வேண்டும். ஒற்றைக் கண்ணாடி பெரிய ஓட்டை. மெத்தைக்கு அடியிலும் நுரைப் பாய் தேவை, ஏனென்றால் உடம்பின் பாரத்தில் நசுங்கிய தூக்கப் பையின் அடிப்பாகத்தில் குளிரைத் தடுக்கும் காற்றே மிஞ்சுவதில்லை.

இவ்வளவும் செய்து, ஒரு கீறல் விடாமல் அடைத்து, மனநிறைவோடு படுத்தவர்கள் விடியும்போது கண்டது என்ன? கூரையின் இரும்பு விலாக்களில் முத்து முத்தாய்த் தண்ணீர். போர்வையின் மேற்புறம் சில்லிட்டு நசநசப்பு. கடுங்குளிர் என்றால் கண்ணாடியின் உட்பக்கத்தில் பனிக்கட்டிப் பூ. பலர் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து வெளியே ஏறிப் பார்க்கிறார்கள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை 1814-இலேயே வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளி பற்றிய தம் நூலில் தெளிவுபடுத்திவிட்டார். எடை பார்த்த சிறு கம்பளித் துணுக்குகளை இரவில் திறந்த வெளியில் வைத்து, பிறகு எடுத்து மறுபடி எடை போட்டு, எங்கே எவ்வளவு பனி சேர்ந்தது என்று கணக்கிட்டவர் அவர். பனி வானத்திலிருந்து இறங்குவதாகவும் மண்ணிலிருந்து எழுவதாகவும் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. பொருள் முதலில் குளிர்கிறது, அதன்பின் சுற்றியுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது என்று காட்டினார். வேனின் இரும்பு விலா, வெல்ஸ் சோதித்த தோட்டத்துப் புல்லைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஈரத்தைக் கொடுத்தது மட்டும் உறங்குபவரின் மூச்சு.

ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் சுமார் கால் லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். இருவருக்கு அரை லிட்டர். ஓட்டுநர் பக்கத்தையும் சேர்த்து வேனுக்குள் எட்டுக் கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 13 கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்காது. மொத்தமும் நூறு கிராமைச் சுற்றித்தான். இருவர் விடுவதோ ஐந்நூறு. நனைந்த சட்டையும் சைக்கிளும் விடுவது தனி. மீதியெல்லாம் எங்கே போகும்? இரும்புக்குப் போகும், மெத்தைக்குப் போகும், அல்லது வெளியே போக வேண்டும். நாலாவது வழி இல்லை.

அடுப்பை ஏற்றினால் உலர்ந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. எந்த அடுப்பு என்பதைப் பொறுத்தது அது. வெளிக்குழாய் இல்லாத கேஸ் அடுப்பில் ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் உண்டாகி உள்ளேயே தங்கும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உறங்குபவர் எழாமலே போகலாம். வெபாஸ்டோ, எபர்ஸ்பெஹர் போன்ற நிறுவனங்களின் டீசல் ஹீட்டர்கள் வேறு மாதிரி. எரிவதற்கான காற்றைக் கீழிருந்து குழாயால் இழுத்து, புகையை இன்னொரு குழாயால் கீழேயே விட்டுவிடும். அறையின் காற்று தனி வழியில் சுற்றி, சூடான உலோகத்தைத் தொட்டு மட்டும் திரும்பும். தீயும் மூச்சும் கலப்பதே இல்லை. நல்ல சாதனம். கார்பன் மோனாக்சைடு அலாரம் அதோடும் கட்டாயம் வேண்டும். இருந்தாலும் அது ஈரத்தை வெளியேற்றுவதில்லை. விடியும்வரை மிதக்க வைக்கும், அணைத்ததும் ஈரம் இரும்பைத் தேடிப் போகும்.

ஆக மிஞ்சுவது ஜன்னலைக் கொஞ்சம் திறப்பது. குளிருக்காகப் பாடுபட்டு அடைத்த ஒருவரிடம் இதைச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். அதிலும் வெளியே பூஜ்ஜியம் டிகிரியில் ஈரக் காற்று. ஆனால் குளிர்ந்த காற்றுக்குத் தண்ணீர் தாங்கும் வலு குறைவு. ஈரமாக உணரப்படும் அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு நாலைந்து கிராம்தான் இருக்கும். அது உள்ளே வந்து பதினைந்து டிகிரிக்குச் சூடானதும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. திரும்பிப் போகும்போது பத்துப் பதினொரு கிராமைச் சுமந்து போகும். இருவர் விடும் ஈரம் முழுவதும் வெளியேற, வேனின் காற்று மணிக்கு ஒரு முறைக்குச் சற்றுக் கூடுதலாக மாறினால் போதும் என்று வருகிறது என் கணக்கு. அதற்கான வெப்பச் செலவு ஐம்பது, அறுபது வாட்.

அந்த எண்ணை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உறங்கும் ஒருவரின் உடல் வெப்பத்தில் பெரும்பகுதி அது. இருவர் வெதுவெதுப்பாய் உறங்க வேண்டுமானால், அவர்களில் ஒருவர் இரவு முழுக்க விடும் வெப்பத்தை ஏறக்குறைய அப்படியே வெளியே கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மறுத்தால், வெளியேறாத ஈரம் தண்ணீராய் மாறித் தலையணைக்கு வரும். பிறகு அந்த ஈரமே உடம்பிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கும். கதகதப்பு என்பதைச் சேமிப்பாக நினைத்து வந்தவனுக்கு, அது ஓட்டமாகத் தெரிந்த இடம் அது. ஆற்றுக்குக் கரை வேண்டும், கடலும் வேண்டும்.

வீடுகளில் இந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. இடம் பெரிது, இடுக்குகள் அதிகம். இடுக்கை அடைத்த சிறிய வீடுகளில் படுகிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், ஒரே படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சையால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். காற்றோட்டம் போதுமானதாக இருக்கவில்லை என்பதும் அங்கே வெளிவந்தது. தந்தை 2017-இலேயே முறையிட்டிருந்தார். பூஞ்சையின் மேலேயே பெயிண்ட் அடிக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் ஈரத்துக்குக் காரணம் என்று, வீட்டைப் பராமரிக்க வேண்டியவர்கள் கருதியிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் ‘அவாப் சட்டம்’ எனப்படும் ஏற்பாடு 2023-இன் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. இத்தகைய வீடுகளின் உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சையையும் கவனித்தாக வேண்டும் என்கிறது அது.

வேனைச் சீர்செய்யும் யாரும் பக்கத்தில் படுப்பவரைப் பார்த்து ‘நீ மூச்சு விடுவது அதிகம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அரை லிட்டரை முதலிலேயே கணக்கில் வைத்து, அதற்கேற்ப வண்டியை மாற்றுகிறார்கள். விருப்பத்துக்காக மலையடியில் இரண்டு இரவு படுப்பவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, வேறு போக்கிடம் இல்லாமல் ஓர் அறைக்குள் சமைத்து, குளித்து, துணி உலர்த்தி, பிள்ளை வளர்க்கும் குடும்பத்துக்கும் உரியது. உயிருள்ள உடம்பு வெப்பத்தோடு தண்ணீரையும் தரும். வெப்பத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு தண்ணீருக்காகக் குற்றம் சொல்லும் சுவர், மனிதர்களுக்காகக் கட்டப்பட்ட சுவர் இல்லை.

வேன் மாற்ற விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டிலும் ஹீட்டரும் வைப்பதற்கு முன்பே கூரையில் துளை போடுங்கள். நாற்பது சென்டிமீட்டர் சதுரம் வழக்கமான அளவு. நல்ல தகட்டை அறுக்கக் கை தயங்கும். அறுத்த விளிம்புக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்து, சீலண்ட் வைத்து மூடியைப் பொருத்தினால் மழைக்குப் பயமில்லை. காற்று நுழையும் கீழ்த்துளையைச் சைக்கிள் நிற்கும் பக்கம் வையுங்கள். உள்ளே வரும் காற்று சேற்று டயர்களைத் தாண்டி, நனைந்த சட்டைகளைத் தொட்டு, படுக்கையைக் கடந்து மேலே போகட்டும். ஹீட்டரின் புகைக்குழாய் வாய் மட்டும் அந்தக் கீழ்த்துளைக்கு எதிர்ப்புறம், வண்டியின் ஓரம் வரை நீண்டிருக்க வேண்டும்.