அஞ்சேல் என்னும் திருக்கரம்

திருக்கோயிலில் தெய்வத் திருமேனியின் முன் நிற்கும் பக்தரின் பார்வை முதலில் திருமுகத்தை நாடும். அடுத்து, உயர்த்திய வலக்கரத்தில் வந்து நிலைக்கும். அந்தக் கரத்தில் படைக்கலம் இல்லை. விரிந்த உள்ளங்கை மட்டுமே இருக்கிறது. ‘அஞ்சேல்’ என்பதே அது உணர்த்தும் பொருள். தில்லைக் கூத்தனின் திருவுருவிலும் ஒரு கை உடுக்கை ஒலிக்க, ஒரு கை அனல் ஏந்த, முன் வலக்கை அபயம் அளிக்கிறது. நெருப்பு சூழ்ந்த ஆட்டத்தின் நடுவிலும் அக்கை தாழ்வதில்லை.

பகவத் கீதையின் 16-ஆம் அத்தியாயத்தில் தெய்வீக குணங்களை வரிசைப்படுத்தும் கண்ணபிரான், அபயம் என்னும் அஞ்சாமையையே முதலில் வைக்கிறார். மனத்தூய்மையும் தானமும் புலனடக்கமும் அதற்குப் பின்னரே வருகின்றன. பக்தனின் இலக்கணம் கூறும் 12-ஆம் அத்தியாயமோ இக்குணத்தின் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. பிறரால் தான் கலங்காதிருப்பது பாதி. தன்னால் பிறர் கலங்காதிருப்பது மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் அபயம் நிறைவு பெறும்.

தானங்களில் தலையாயது அபயதானம் என்று பெரியோர் கூறுவர். அன்னதானத்திற்கு அரிசி வேண்டும். அபயதானத்திற்கு என்ன வேண்டும்? வன்முறை ஒரு தெருவுக்குள் நுழையும் நாளில், அத்தெருவில் வாழும் பக்தர் பிறருக்கு எதைத் தர இயலும்? பூசையறையில் கேட்கப்படாத இக்கேள்வி, தெருவில் ஒருநாள் கேட்கப்பட்டே தீரும்.

கடிக்காதே, ஆனால் சீறு

இதற்கு வழக்கமாக இருவகை விடைகள் தரப்படுகின்றன. ‘எல்லாவற்றையும் இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்று கதவை அடைத்துக்கொள்வது ஒன்று. ‘அவர்கள் வருமுன் நாம் தடி எடுப்போம்’ என்று கிளம்புவது மற்றொன்று. முன்னது சோம்பல், சரணாகதியின் போர்வையில் வருகிறது. பின்னது அச்சம், வீரத்தின் போர்வையில் வருகிறது.

ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்புக் கதையை அறியாத பக்தர் இலர். ஒரு பிரம்மச்சாரியிடம் உபதேசம் பெற்ற பாம்பு கடிப்பதை விட்டுவிடுகிறது. அதன் சாதுத்தன்மையைக் கண்ட மாட்டுக்காரச் சிறுவர்கள் அதைச் சுழற்றி அடித்துக் குற்றுயிராக்கிவிடுகின்றனர். திரும்பி வந்த குரு அதன் நிலையைக் கண்டு, கடிப்பதைத்தானே தடுத்தேன், சீறுவதைத் தடுக்கவில்லையே என்று கடிந்துகொள்கிறார். விஷத்தைப் பிறர் உடலில் செலுத்தாதிருப்பது தர்மம். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதிருப்பது தர்மம் அன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. தனிமனிதருக்கு மட்டுமன்றி, ஒரு தெருவுக்கும் ஊருக்கும் அவ்வழி பொருந்தும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

எரியாத ஊர்

மும்பைக்கு வடகிழக்கே, தானே மாவட்டத்தில் உள்ள விசைத்தறி நகரம் பிவண்டி. தறி உரிமையாளர், நூல் வணிகர், துணி வாங்குவோர், பிற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் என இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சார்ந்து வாழும் ஊர். ஆயினும் 1970 மே மாதத்திலும், பின்னர் 1984 மே மாதத்திலும் அங்கே பெருங்கலவரங்கள் மூண்டன. உயிர்கள் மாய்ந்தன; தறிகள் சாம்பலாயின. பிவண்டி என்றாலே கலவரம் என்னும் அளவுக்கு அவ்வூரின் பெயர் கெட்டது.

1988-இல் அங்கே காவல்துறைத் துணை ஆணையராகப் பொறுப்பேற்றார் சுரேஷ் கோபடே. கலவரம் வந்தபின் படையைக் குவிப்பதைவிட, அது வராத நாட்களில் மனிதரைச் சேர்ப்பதே நல்லது என்று அவர் கருதினார். பேட்டைதோறும் ‘மொஹல்லா குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வாறு உருவான குழுக்கள் ஏறத்தாழ 70. ஒவ்வொன்றிலும் இரு சமயத்தவரும் இடம்பெற்றனர். பெரும்புள்ளிகளைத் தேடாமல், அந்தந்தப் பேட்டையின் எளிய மக்களையே அழைத்து அமர வைத்தனர். காவலரும் உடன் அமர்ந்தனர். பேசப்பட்டவை பெரும்பாலும் சிறிய செய்திகள். அண்டை வீட்டாரிடையே எழும் பூசல், திருவிழா ஊர்வலம் செல்லும் வழி போன்றவை. இவற்றைப் பேசிப் பேசியே ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரிந்தது; ஒருவர் வீடு மற்றவருக்குத் தெரிந்தது.

1992 டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தி நிகழ்வுக்குப் பின் நாட்டின் பல பகுதிகள் கொந்தளித்தன. அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் மட்டும் சுமார் 900 பேர் மாண்டனர். அருகிலிருந்த பிவண்டியில், அப்போது குலாப்ராவ் போல் துணை ஆணையராக இருந்த வேளையில், கலவரத்திற்கு ஓர் உயிரும் பலியாகவில்லை. எரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஊர் எரியவில்லை.

காரணம் மாயமன்று. கலவரத்தின் முதல் ஆயுதம் கல்லோ கத்தியோ அல்ல, வதந்தி. ‘அந்தத் தெருவில் நம்மவரைக் கொன்றுவிட்டனர்’ என்ற சொல் வந்ததும், அது மெய்யா என்று கேட்க அந்தத் தெருவில் ஓர் அறிமுகம் இருந்தால் வதந்தி அங்கேயே மடிகிறது. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அது நெருப்பாகிறது. அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே, அலிகார்–கோழிக்கோடு, ஐதராபாத்–லக்னோ, அகமதாபாத்–சூரத் என நகரங்களை இணை இணையாக ஒப்பிட்டு ஆராய்ந்து, 2002-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தையே நிறுவினார். சிற்றூரில் அன்றாடப் பழக்கமே அமைதி காக்கக்கூடும். பெருநகரிலோ, இரு தரப்பினரும் சேர்ந்து இயங்கும் சங்கங்கள் இருந்தால்தான் அமைதி தாக்குப்பிடிக்கும் என்பது அவரது முடிவு.

மும்பையும் பாடம் கற்றது. கலவரத்திற்குப் பின் சதீஷ் சாஹ்னி, ஜூலியோ ரிபேரோ போன்ற காவல்துறைப் பெரியோரும் சுஷோபா பார்வே போன்ற தொண்டர்களும் முன்னின்று அங்கும் மொஹல்லா குழுக்களைத் தொடங்கினர். இளைஞர்களைச் சேர்த்து அமைதிக்காகக் கிரிக்கெட் ஆட்டங்களையும் நடத்தினர்.

ஆனால் அமைதி ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடும் பொருளன்று. 2006 ஜூலையில் அதே பிவண்டியில், ஒரு காவல் நிலையக் கட்டுமானம் குறித்து எழுந்த தகராறு முற்றிக் காவலர் இருவரின் உயிரும் பறிபோயிற்று. பித்தளைச் செம்பை நாள்தோறும் துலக்காவிட்டால் களிம்பேறும் என்று தோதாபுரி தியானத்தைப் பற்றிச் சொன்னது ஊர் ஒற்றுமைக்கும் பொருந்தும்.

காவல் எப்போது கொலையாகிறது?

விழிப்பு என்ற பெயரில் வரும் பேராபத்து ஒன்றும் உண்டு. 2018-இல் ‘பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள்’ என்ற பொய்ச்செய்தி கைப்பேசிகள் வழியே பல மாநிலங்களில் பரவியது. தமிழகத்திலும் அது உயிர்ப்பலி வாங்கியது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் சிற்றூரில் வாரச்சந்தை கூடியிருந்தது. ஊர் ஊராகச் சென்று பிச்சையேற்று வாழும் நாத் கோசாவி சமூகத்தவர் ஐவர் அங்கே வந்தனர். அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஐயுற்ற கூட்டம் ஐவரையும் அடித்தே கொன்றது.

அக்கூட்டத்தில் இருந்தவர்களும் தங்கள் குழந்தைகளைக் காப்பதாகவே நினைத்தனர் என்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது. அவர்களிடம் விழிப்பு இருந்தது, விவேகம் இல்லை. ஒற்றுமையும் இருந்தது, அபயம் இல்லை. வாயிலில் வந்து கை நீட்டுபவரை அதிதியாக மதிக்கும் நாட்டில், கை நீட்டியவர்கள் கொல்லப்பட்டனர். அச்சத்தின் மேல் எழுப்பிய காவல் எதைத் தடுக்கப் புறப்பட்டதோ அதுவாகவே மாறிவிடும். ஆகவே, தெருவைக் காக்க எண்ணுபவர் முதலில் தன் உள்ளத்தின் வாயிலில் காவல் நிற்க வேண்டும். அயலாரைக் கண்டு ஐயம் எழுந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. விசாரணையும் தண்டனையும் கூட்டத்தின் வேலை அல்ல.

கடமையே தவமான இரவு

2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கினர். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் துப்பாக்கிகள் முழங்கியபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தம் அறையை விட்டு ஓடவில்லை. எந்த வழியே வெளியேறினால் உயிர் தப்பலாம் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பயணிகள் பலர் அக்குரலைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தனர்.

அங்கிருந்து இருவர் அருகிலுள்ள காமா மருத்துவமனைக்குள் புகுந்தனர். பிரசவத்திற்குக் காத்திருந்த பெண்கள் தங்கியிருந்த வார்டில் அன்றிரவு செவிலியர் அஞ்சலி குல்தே பணியில் இருந்தார். வாயிற்காவலர்கள் சுடப்பட்டு வீழ்வதை அவர் தம் கண்ணால் கண்டார். உடனே வார்டின் கதவுகளை அடைத்து, கர்ப்பிணிப் பெண்கள் 20 பேரையும் கோடியிலிருந்த சிறிய அறைக்குள் ஒதுக்கினார். அதற்குள் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டது. சுவரை ஒட்டியவாறே அவளை நடத்திப் பிரசவ அறைக்குக் கொண்டு சேர்த்தார். அந்த இரவில் அங்கே ஒரு குழந்தை பிறந்தது.

அவரிடம் ஆயுதம் இல்லை. எந்தக் கதவு எங்கே இருக்கிறது, எந்த அறை பாதுகாப்பானது, எந்தப் பெண்ணுக்கு என்ன உடல்நிலை என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அன்றாடம் ஈடுபாட்டோடு செய்த கடமை, ஆபத்து வந்த கணத்தில் அறிவாகவும் துணிவாகவும் கைகொடுத்தது. துணிவு அந்த நொடியில் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அமைதியான நாட்களில் கடமையைக் கூர்ந்து செய்தவரிடம் அது சேர்ந்துகொண்டே வருகிறது. கர்மயோகம் என்பதன் பொருளை விளக்க இதைவிடச் சிறந்த உரை வேண்டுமா?

அமைதி நாட்களின் சாதனை

சத்சங்கமாகக் கூடும் அன்பர்கள் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். தெருவில் தனித்து வாழும் முதியோர் யார், படுக்கையில் இருப்போர் யார், மருத்துவரும் செவிலியரும் எந்த வீட்டில் உள்ளனர், யாருக்கு எந்த இரத்த வகை என்று அறிந்து வைப்பது எளிய செயல். உயிர் காக்கும் செயல். தெருவின் இரு முனைகளும் ஆம்புலன்ஸ் நுழையத் தடையின்றி உள்ளனவா என்று பார்ப்பதும் இறைபணியே.

ஆபத்து நேரும்போது 112 என்ற எண்ணை அழைத்து, முதலில் இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் பழக்கலாம். ஆயுதம் ஏந்தியோர் புகுந்தால் கூடுமானவரை அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். இயலாதபோது கதவை அடைத்து, விளக்கை அணைத்து, கைப்பேசியின் ஒலியை நிறுத்தி, மறைவாக அமைதி காக்க வேண்டும். காயத்தில் இரத்தம் பெருகினால் தூய துணியை வைத்து உதவி வரும்வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இத்தகைய முதலுதவியை முறையாகக் கற்பிக்கும் பயிற்சிக்கு இளைஞர்களை அனுப்புவதும் ஒரு வழிபாடே.

வதந்தி வரும்போது மூன்று கேள்விகள் போதும்: கண்ணால் கண்டவர் யார்? எங்கே? எப்போது? விடை இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பது வாக்கின் தவம்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று உண்டு. வேறு சமயத்தைச் சேர்ந்த, வேறு மொழி பேசும், வேறு தொழில் செய்யும் அண்டை வீட்டாரில் ஒருவரையேனும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். பண்டிகை நாளில் அவர் வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம் போக வேண்டும். அவர் வீட்டு நோயில் ஒருமுறை மருத்துவமனைக்குத் துணை போக வேண்டும். கலவர நாளில் உயிரைக் காக்கும் பாலம் இத்தகைய சிறு செயல்களால்தான் கட்டப்படுகிறது.

வழிபாடு முடிந்து வெளியே வரும் பக்தர், உள்ளே கண்ட அபயகரத்தைச் சந்நிதியிலேயே விட்டுவிடலாகாது. எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் எனில், அவனது அபயகரம் செயல்படுவதும் அடியவர் கைகளின் வழியேதான். தெருவில் ஒருவர் அஞ்சி நிற்கும்போது அவர் தோளில் பதியும் அண்டை வீட்டார் கை அந்தத் திருக்கரமே. அந்தக் கை அன்று உயர வேண்டுமெனில், இன்றே அண்டை வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்கட்டும்.