அயலவனை எழுப்புவது யார் கடமை?

ஓட்டமாவடிப் பாலம் முன்னாளில் புகையிரதத்துக்கும் வீதிக்கும் பொதுவான ஒரே பாலமாக இருந்தது. புகையிரதம் வரும் வேளையில் பஸ்ஸும் மாட்டுவண்டியும் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். காத்து நின்றவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால், புகையிரதம் சற்றுத் தாமதித்து வந்ததென்பதற்காக, வாகனங்களைத் தடுத்து நிறுத்தியவரைப் பொய்யர் என்று எவரும் ஏசியிருக்க மாட்டார்கள். இன்று வீதிக்கெனத் தனிப் பாலம் வந்துவிட்டது. எனினும் அந்தப் பழைய ஏற்பாடு நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது: ஆபத்து வருவதை அறிந்தவன், அறியாதவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்?

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். மார்கழி மழை கொட்டுகிறது. மதுறு ஓயா நீர்த்தேக்கத்தின் கதவுகள் திறக்கப்படப் போகின்றன என்று ஒருவர் அறிகிறார். தம் மாடுகளை மேட்டுக்கு ஓட்டுகிறார். நெல்மூட்டைகளை உயரத்தில் ஏற்றுகிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆற்றோரக் குடிசையில் தனியே இருக்கும் மூதாட்டிக்கு மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எவருடைய பொருளையும் எடுக்கவில்லை, எவரையும் அடிக்கவில்லை. சட்டம் அவரைத் தொடாது. மனச்சாட்சி அவரை விட்டுவிடுமா?

“எச்சரிப்பது அரசாங்கத்தின் வேலையல்லவா?” என்று சிலர் கேட்பர். ஆம், முதற் பொறுப்பு அரசுக்கே உரியது. அதை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். 1978 நவம்பர் 23 அன்று கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை ஏறக்குறைய ஏழு மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. அலை நமது கரையை அடைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் சென்றது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கல்குடாவிலோ பாசிக்குடாவிலோ இருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரை நாம் இழந்தோம். அதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 117 என்னும் அவசர இலக்கம் வந்தது.

ஆயினும், எச்சரிக்கை என்பது ஒரு கை மறுகைக்குக் கொடுக்கும் விளக்குப் போன்றது. வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் அது வருகிறது. அதற்குப் பிறகு? ஒரு கிராம உத்தியோகத்தர் நூற்றுக்கணக்கான வீடுகளின் கதவைத் தனியே தட்ட இயலுமா? கோபுரங்களிற் பல காலப்போக்கிற் பழுதடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றபோது, எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. கேட்பவனுக்கு விளங்காத மொழியிற் சொல்லப்பட்ட எச்சரிக்கை, சொல்லப்படாததற்குச் சமம். இதை அரசிடம் கேட்க நமக்கு உரிமையுண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால், கடைசி வீட்டின் கதவைத் தட்டுபவர் எப்போதும் அயலவராகவே இருப்பார்.

இதற்குச் சாட்சியாகப் புதுச்சேரிக்கு அருகேயுள்ள நல்லவாடு என்னும் மீனவக் கிராமம் இருக்கிறது. 2004இல் அதே காலை, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரவர் ஒருவர் தொலைக்காட்சியிற் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியிற் சொன்னார். மீனவருக்கு நாள்தோறும் கடல்நிலையை அறிவிப்பதற்கென எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒலிபெருக்கி அமைத்திருந்தது. ஊரார் உடனே அதில் அறிவித்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். ஒலிபெருக்கி முன்னரே இருந்தது. அதன் குரலை ஊர் முன்னரே நம்பியிருந்தது. ஆயத்தம் என்பது இதுதான்.

“சொன்னபடி நடக்காவிட்டால் நகைப்பார்களே” என்று பின்வாங்குவோரும் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று, சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தபோது, சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்வு ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது; கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பேரலை வரவில்லை. அன்று எச்சரித்தவர்கள் பொய்யர்களா? இல்லை. நிறைவேறாத எச்சரிக்கை வேறு, பொய் வேறு. கேள்விப்பட்டதையெல்லாம் தொலைபேசியிற் பரப்புவதுதான் குற்றம். எனவே, யார் சொன்னார், எப்போது சொன்னார், எது உறுதி, எது உறுதியில்லை என்பவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர், வீணாக ஓடியதன் களைப்புக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரத்திற் காவலாளி ஒருவனைக் காண்கிறோம். ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாதவனிடம் மாண்டவனின் இரத்தப்பழி கேட்கப்படும். ஊதியும் செவிகொடாதவனின் பழி அவன் தலைமேலேயே இருக்கும். சொல்பவனுக்கும் கேட்பவனுக்கும் ஆளுக்கொரு கடமை உண்டு.

அந்தக் காவலாளி தன் ஆட்களுக்கு மாத்திரம் ஊதலாமா? ஓட்டமாவடியில் முஸ்லிம் மக்கள், வாழைச்சேனைப் பக்கத்திற் தமிழ் மக்கள். நடுவே போர்க்காலத்தின் ஆறாத காயங்கள். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்க 2021 மார்ச்சில் அனுமதி கிடைத்தபோது, நாடெங்கிலுமிருந்து உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கே வந்தன. 3,600க்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், பௌத்தரும் இந்துக்களும் கிறீஸ்தவர்களும் அவர்களோடு கிடக்கின்றனர். இறந்தவர்களை மதம் பாராமல் ஏற்ற மண்ணில், உயிரோடிருப்பவர்களை எழுப்புவதற்கு மதம் பார்ப்பது எத்துணை பேதைமை! வெள்ளம் வரும்போது பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தமிழ்ச் சேரிக்கும் கேட்கட்டும். கோயில் மணி முஸ்லிம் வீடுகளுக்கும் ஒலிக்கட்டும். அதற்கான பேச்சை மழை வருமுன்னரே பேசி வைப்போம்.

நமது குடும்பங்களும் இன்றிரவே ஒன்று செய்யலாம். உணவு முடிந்து அமரும்போது, நம் அயலிற் காது கேளாதவர் யார், நடக்க இயலாதவர் யார், தொலைபேசி இல்லாதவர் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒவ்வொருவரின் கதவையும் தட்டப் போவது யார் என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். அந்த ஆற்றோரக் குடிசை மூதாட்டிக்கு அதன்பின் எழுப்புவதற்கு ஆள் இருப்பார்.