ஏரிக்கரைப் பலகையும் ஜீவதயையும்

சென்னைப் புறநகரில், நம்மவர் குடும்பங்கள் சிலவும் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நீச்சல் குளம் ஒன்றுண்டு. மதிலை ஒட்டிப் பழைய ஏரியின் ஒரு துண்டும் உண்டு. இரண்டிற்கும் குடியிருப்போர் சங்கத்தார் விதிகள் எழுதிப் பலகை நாட்டியுள்ளனர். ஏரிக்கரைப் பலகையில் மீன் பிடிக்கலாகாது என்பது முதல் விதி. மீன்களுக்குப் பொரியோ சோறோ இடலாகாது, வெளியிலிருந்து மீன் கொணர்ந்து விடலாகாது என்பன அடுத்த விதிகள். அட்டமி, சதுர்த்தசி தோறும் ஒரு படி பொரி இறைத்து வந்த நம் பெரியவர் ஒருவர் முதல் விதியால் மகிழ்ந்தார். அடுத்ததால் மனம் நொந்தார். “கொல்லாதே என்பதும் ஊட்டாதே என்பதும் ஒரே பலகையில் எப்படிப் பொருந்தும்?” என்று நம்மை வினவினார்.

எளிதில் தள்ளத்தக்க வினா அன்று இது. ஆயினும் இறைத்த பொரி என்னவாகிறது என்பதைக் காண வேண்டும். மீன் உண்டது போக எஞ்சியது அடியில் தங்கி அழுகும். அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் குறைக்கும். அழுகலை உரமாகக் கொண்டு பாசி செழிக்கும். பகலில் பிராணவாயு தரும் அப்பாசியே இரவில் அதனை எடுத்துக்கொள்ளும். கோடை விடியலில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து திணறி மாள்வது இதனாலேயே. வரத்துக் காலும் கலங்கலும் உள்ள ஊர் ஏரி ஒருபடி தாங்கும். வரத்து அடைபட்ட இத்துண்டு தாங்காது.

மீனை விலைக்கு வாங்கி விடுவதும் இத்தகையதே. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நீரில் புகுந்தால் பிற மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்று பெருகும். ஓருயிரை மீட்டோம் என்று நாம் வீடு திரும்பிய பின்னர் அங்கே நடப்பதை யார் கணக்கிடுவது? (மீட்பதற்குப் பணம் தருவோர் உள்ளவரை, பிடித்து விற்போரும் இருப்பர் என்பது வேறு.)

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதம் எனும் கவனமின்மையைக் காரணமாக வைக்கிறது. பெரியவர் இதுவரை இட்ட பொரியில் தீய எண்ணம் அணுவளவும் இல்லை. ஆனால் விளைவை அறிந்த பின்னும் இடுவாராயின் அது தயை ஆகுமா? செயல் அதுவே; அறிவு வந்தபின் அதன் தன்மை மாறிவிடுகிறது. நம் பாட்டிமார் நீரைத் துணியில் வடித்தபின், துணியில் தங்கிய சிற்றுயிர்களைக் கண்ட இடத்தில் உதறவில்லை. எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல விட்டனர். உயிரைக் காப்பதோடு அதன் இடத்தையும் காக்க வேண்டும் என்னும் நுட்பம் அவ்வழக்கில் இருந்தது. சங்கத்தார் அறியாமலே அதைத்தான் எழுதியுள்ளனர்.

இவ்வளவும் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியாயின் நீச்சல் குளம்?” என்றார்.

அங்கே நாம் தடுமாறினோம். குளோரின் இடுவதே நுண்ணுயிரை அழிக்கத்தான். இடாவிடில் நோய் பரவும். குளித்துவிட்டு இறங்குக என்ற விதியைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. கண் எரிச்சலுக்குக் குளோரினையே பலர் பழிக்கின்றனர். பெரும்பாலும் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் பொருளால் வருவது. உடல் கழுவி இறங்கினால் இடவேண்டிய மருந்தும் குறையும். இவ்விதியை மீறுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அவமரியாதை மட்டுமன்று.

நீரின் அளவையும் பார்ப்போம். 15 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் கொண்ட குளம் 1,08,000 லிட்டர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் நகர்ப்புற அளவுப்படி, அது 800 பேரின் ஒரு நாள் நீர். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் குடிநீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பயனின்றி நிலத்தை அகழ்வதையும் நீரைச் சிதைப்பதையும் இரத்தின கரண்டக சிராவகாசாரம் அனர்த்த தண்டத்துள் வைக்கிறது. நீந்தப் பழகுவது பயனற்றதா? ஏரியிலும் கிணற்றிலும் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் நாட்டில் அப்படிச் சொல்ல நமக்கு மனம் துணியவில்லை. லாரியில் நீர் வாங்கும் மாதங்களில் குளத்தை மூடி வைக்கலாம் என்று மட்டும் சொன்னோம். அதை அடுத்த பொதுக்குழுவில் எழுப்புவதாகப் பெரியவர் ஏற்றார். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரும் அங்கேதான் நீச்சல் பயில்கின்றனர்.