காத்திருப்பது சோம்பலா?

பொறுமைக்கும் சோம்பலுக்கும் என்ன வித்தியாசம்? வெளியே பார்த்தால் இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான் தெரியும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கனடாவின் டொராண்டோவுக்குக் குடிவந்தவன். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டு வளர்ந்த எனக்கு இங்கே பட்டமே வேறு. மே மாதத்திலும் சில ராத்திரி உறைபனி விழும். அதனால் மே 24-ஐ ஒட்டி வருகிற விக்டோரியா தினம் கழியட்டும் என்பார்கள். அதுவரை சும்மா இருக்கலாமா? கூடாது! மார்ச்சிலேயே மிளகாய் விதையை வீட்டுக்குள் ஜன்னலோரம் முளைக்கப் போட வேண்டும். மே மாதம், தோட்டத்தில் நடுவதற்கு முன், ஒரு வாரம் பத்து நாள் நாற்றைத் தினமும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்க வேண்டும்.

பூண்டைப் பாருங்கள். அக்டோபரில் ஊன்றுகிறோம்; மேலே பனி மூடிவிடும். ஆனால் அந்தக் குளிர் படாவிட்டால் பூண்டு சரியாகப் பல் பிரியாது. ஜூலையில்தான் தோண்டுகிறோம்.

காலத்தை இழுத்துக்கொண்டு வர நம்மால் முடியாது. அது வருமுன் செய்ய வேண்டியதைச் செய்கிறவனே பொறுமைசாலி, செய்யாதவன் சோம்பேறி. ஆகவே வேலைக்கும் பேப்பருக்கும் காத்திருக்கிற ஒரு சகோதரனை "சும்மா இருக்கான்" என்று சொல்லுமுன், அவன் ஜன்னலோரத்தில் நாற்று இருக்கிறதா என்று பாருங்கள்.